காற்றடிக்கும் கால்கரித் தோட்டத்தில் பூச்செடிகள் ஏன் பட்டுப்போகின்றன: அறிகுறியைப் பார்த்துக் காரணம் காணும் வழிமுறை

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தின் தென்பகுதியில், கால்கரி, லெத்பிரிட்ஜ், பின்ச்சர் கிரீக் ஆகிய ஊர்களில் தோட்டம் வைத்திருப்பவர்கள் மே மாதம் பிறந்ததும் முதலில் பார்ப்பது, சென்ற ஆண்டு ஆசையாக நட்ட புதர்ச்செடி துளிர்த்திருக்கிறதா என்பதைத்தான். பல வீடுகளில் அது வெறும் குச்சியாக நிற்கும். குளிர் தாங்கவில்லை என்று முடிவுகட்டி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கடையில் பூத்து நிற்கும் இன்னொன்றை வாங்கி வந்து அதே குழியில் நடுவது வழக்கமாகிவிட்டது. இந்த வட்டாரத்தில் குளிரால் சாகும் செடிகளைவிடக் காற்றால் உலர்ந்து சாகும் செடிகளே அதிகம் என்பது என் உறுதியான கருத்து. எனவே அடுத்த செடியை வாங்குவதற்கு முன், பட்டுப்போன செடியில் எந்தப் பாகம், எந்தப் பக்கம், எந்த மாதத்தில் காய்ந்தது என்று பார்க்க வேண்டும். அந்த இடத்தில் என்ன நட்டால் நிற்கும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ராக்கி மலைத்தொடரைக் கடந்து மேற்கிலிருந்து இறங்கும் சினூக் காற்று வெப்பமானது, மிகவும் வறண்டது. சனவரி மாதத்தில் உறைநிலைக்கு வெகு கீழே இருந்த வெப்பநிலையைச் சில மணி நேரத்தில் 20 பாகைக்கும் மேல் உயர்த்தி, செடியின் அடியை மூடியிருந்த பனியையும் அது கரைத்துவிடும். அப்போதும் மண்ணின் உள்பகுதி உறைந்தே இருப்பதால் வேரால் நீரை உறிஞ்ச முடியாது; தண்டும் மொட்டும் தம்மிடம் இருந்த ஈரத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு ஈடுசெய்ய வழியின்றி நிற்கும். உறைபனிக் குளிரில் கொடியில் போட்ட துணி உறைந்தபடியே உலர்ந்துவிடுவதைப் போன்றது இது. சுமார் 300 கிலோமீட்டர் வடக்கே, இன்னும் குளிரான எட்மண்டனில் பனிப்போர்வைக்குள் பிழைத்துக்கொள்ளும் சில செடிகள் கால்கரியில் பிழைக்காமல் போவதற்கும் காரணம் இதுவே.

பிடுங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை எளிது. தண்டின் நுனியிலிருந்து ஒரு சாண் கீழே, கட்டைவிரல் நகத்தால் பட்டையை மெல்லச் சுரண்டிப் பாருங்கள். அடியில் ஈரமான இளம்பச்சை தெரிந்தால் அந்த இடத்தில் உயிர் இருக்கிறது. பழுப்பாக, தூளாக உதிர்ந்தால் அங்கே உயிர் இல்லை. இன்னும் ஒரு சாண் கீழே இறங்கிச் சுரண்டிப் பாருங்கள். தரைமட்டம்வரை பழுப்பாகவே இருந்தாலும் ஜூன் நடுப்பகுதிவரை காத்திருப்பது நல்லது, ஏனெனில் வேர்க்கழுத்திலிருந்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடத்திலிருந்து, தாமதமாகத் துளிர்க்கும் செடிகள் பல உண்டு.

மேலே முழுவதும் குச்சி, அடியில் மட்டும் புதுத்துளிர்

காய்ந்த பகுதிக்கும் உயிருள்ள பகுதிக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் ஒரு மட்டம் தெரிந்தால், அதுதான் சென்ற குளிர்காலத்தில் பனி கிடந்த உயரம். பனிக்குள் இருந்தது தப்பியது, காற்றில் நின்றது காய்ந்தது. இந்தச் செடியின் வேர் இங்கே நிலைக்கும், தண்டு நிலைக்காது என்பதே இதன் பொருள். ஆகவே அது எந்தத் தண்டில் பூக்கும் இனம் என்பதைப் பொறுத்தே முடிவெடுக்க வேண்டும்.

அந்த ஆண்டு கிளம்பும் புதுத்தண்டில் பூக்கும் இனமாக இருந்தால் கவலை வேண்டாம். அன்னபெல் ஹைட்ரேஞ்சா, கூம்பு வடிவில் பூக்கும் பானிகுலேட்டா ஹைட்ரேஞ்சா, ஜப்பான் ஸ்பைரியா ஆகியவற்றில் காய்ந்ததை வசந்தத்தில் உயிருள்ள மொட்டுவரை வெட்டிவிட்டால், அவை கோடையில் வளர்ந்து அந்த ஆண்டே பூத்துவிடும். பழைய தண்டில் பூக்கும் இனமாக இருந்தால், அது ஆண்டுதோறும் தழைத்துக்கொண்டிருக்கும், ஆனால் பூக்காது; அதை மாற்றிவிடுவதே மேல்.

ரோஜாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பூக்கடை ரோஜாவைப் போன்ற ஹைப்ரிட் டீ வகைகள் பெரும்பாலும் வேறொரு ரோஜாவின் வேரில் ஒட்டுக்கட்டப்பட்டவை. ஒட்டுக்கு மேலே காய்ந்து கீழேயிருந்து துளிர்த்தால், நீங்கள் வாங்கிய பூவுக்குப் பதிலாக ஒட்டுவேரின் பூதான் வரும். வேற்று நிறத்தில் பூத்ததைக் கண்டு மண்ணின் குணத்தால் நிறம் மாறிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இங்கே நட வேண்டியவை சொந்த வேரில் வளரும் ரோஜாக்கள். ஒட்டாவாவில் ஃபெலிசிடாஸ் ஸ்வெய்டா உருவாக்கிய எக்ஸ்ப்ளோரர் வரிசை, மனிடோபாவின் மார்டன் ஆய்வு நிலையத்திலிருந்து வந்த பார்க்லேண்ட் வரிசை, ருகோசா இனத்துக் கலப்பான ஹான்சா ஆகியவை இந்தச் சமவெளிக்கென்றே தேறியவை. ஆல்பர்ட்டாவில் குடியேறிய பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பூன்யே உருவாக்கி, 1950-இல் வெளிவந்த தெரெஸ் பூன்யே என்ற இளஞ்சிவப்பு ரோஜாவை நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். குளிர்காலத்தில் அதன் செந்நிறத் தண்டுகளே ஓர் அழகு. அது பழைய தண்டில் பூப்பது, ஆகவே மற்ற ரோஜாக்களைப் போல வசந்தத்தில் அடியோடு வெட்டிவிடக் கூடாது.

இலை செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு, மூன்றையும் வரிசையாகச் சோதித்து விலக்க வேண்டும்.

முதலில் கவாத்து. லைலாக், வெள்ளை அருவிபோல் சரியும் வான்ஹூட் ஸ்பைரியா, இரட்டைப்பூ பிளம் ஆகியவை அடுத்த ஆண்டுக்கான பூமொட்டை இந்தக் கோடையிலேயே கட்டிவிடும். இலையுதிர் காலத்தில் தோட்டத்தை ஒழுங்குபடுத்தும் வேகத்தில் நுனிகளைச் சீராக வெட்டினால், வெட்டி எறிவது அந்தப் பூக்களைத்தான். இவற்றைப் பூ உதிர்ந்த சில வாரங்களுக்குள் வெட்டிவிட்டு, அதன்பின் கத்தரியை எடுக்காமல் இருக்க வேண்டும்.

அடுத்தது உரம். புல்வெளிக்கு இடும் உரத்தில் தழைச்சத்து மிகுதி. அது பக்கத்துப் புதரின் வேருக்கும் சேரும்போது இலை பெருகும், பூ குறையும். அதோடு ஆகஸ்டு வரை இளந்தண்டு வளர்ந்துகொண்டே இருப்பதால் அது முற்றாமல் குளிரில் சிக்கிக் காய்ந்துபோகும். ஜூலை நடுப்பகுதிக்குப் பின் புதருக்கு எந்த உரமும் தேவையில்லை.

இவை இரண்டும் இல்லையென்றால், தண்டு பிழைத்துப் பூமொட்டு மட்டும் செத்திருக்கிறது. பூமொட்டு பல இனங்களில் இலைமொட்டைவிட மென்மையானது. ஃபோர்சித்தியாவில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம்: பனிக்குள் கிடந்த அடிக்கிளைகளில் மஞ்சள் பூ, மேலே வெறும் இலை. ஃபோர்சித்தியாதான் வேண்டும் என்றால் குளிருக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட மெடோலார்க், நார்தர்ன் கோல்டு ஆகிய ரகங்களைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். வசந்தத்தின் முதல் பூ என்பதே நோக்கமானால், நான்கிங் செர்ரியும் மஞ்சள் மணம் கமழும் கோல்டன் கரண்டும் இங்கே அதைவிட நம்பகமானவை. பூக்கடைத் தொட்டியில் நீலமும் ரோஜா நிறமுமாக விற்கும் பெரிய இலை ஹைட்ரேஞ்சாவை இந்த ஊர் மண்ணில் நிரந்தரமாக நட வேண்டாம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.

மார்ச் மாதத்தில் மேற்குப் பக்கத்து இலைகள் மட்டும் பழுப்பு

இது பசுமைமாறாச் செடிகளுக்கே வரும்: ரோடோடென்ட்ரான், பாக்ஸ்வுட், மகோனியா. செடியைச் சுற்றி நடந்து பாருங்கள். காற்று வரும் மேற்குப் பக்கமோ, வெயில் விழும் தெற்குப் பக்கமோ பழுப்பாகி, மறுபக்கம் பச்சையாகவே இருந்தால், அது நோய் அல்ல, குளிர்கால உலர்வு. பூஞ்சைக்கொல்லி தெளிப்பதால் பயன் இல்லை.

குளிர்காலம் முழுவதும் இலையைத் தாங்கி நிற்கும் செடி, அவ்வளவு காலமும் ஈரத்தை இழந்துகொண்டே இருக்கிறது. அக்டோபரில் மண் உறைவதற்கு முன் வேர்ப்பகுதி ஆழமாக நனையும்படி நீர் விட்டால் இழப்புக்கு ஓரளவு ஈடுகொடுக்கும். வெளிக்குழாய் மூடப்பட்ட பிறகும், சினூக் நாட்களில் மேல்மண் இளகியிருந்தால் வாளியில் கொண்டுபோய் ஊற்றலாம். மேற்குப் பக்கம் இரண்டு கழி நட்டுச் சாக்குத்துணி கட்டினால் காற்றின் வேகம் தணியும். பிளாஸ்டிக் தாளால் செடியைச் சுற்றிக் கட்டுவது கூடாது; வெயில் பட்டதும் உள்ளே சூடேறி, இரவில் உறைந்து, உலர்வைவிடப் பெரிய கேடு விளையும்.

ஆண்டுதோறும் இவ்வளவும் செய்ய மனமில்லையென்றால், காற்று நேரே அடிக்கும் இடத்துக்கு இலையுதிர்க்கும் புதரைத் தேர்ந்தெடுப்பதே அறிவு. கடலோரக் காற்றுக்கு உகந்தவை என்று பிரிட்டன் தோட்டப் புத்தகங்கள் பரிந்துரைக்கும் எஸ்கலோனியா, ஹீபி போன்றவை இதமான கடற்காற்றுக்குப் பழகியவை. ஆல்பர்ட்டாவின் முதல் குளிர்காலத்தையே தாண்டமாட்டா. அதே பட்டியல்களில் வரும் டாமரிஸ்க் புதரோ இந்த மாகாணத்தில் சட்டப்படி தடைசெய்யப்பட்ட களை.

துளிர்த்தது, பின்பு கருகிவிட்டது

சூடான ஏப்ரலை நம்பி முந்திக்கொள்ளும் செடிகளுக்கு மே மாத உறைபனி கொடுக்கும் அடி இது. கால்கரியில் மே கடைசி வாரத்திலும் உறைபனி விழக்கூடும். துளிர்கள் மட்டும் கருகியிருந்தால் செடி மாற்றுமொட்டிலிருந்து மீண்டும் தழைக்கும். அவசரப்பட்டு வெட்டவோ உரமிடவோ வேண்டாம்.

ஆண்டுதோறும் இதே கதையானால், தாமதமாக விழிக்கும் இனத்துக்கு மாறுங்கள். இதற்கு என் முதல் தேர்வு பிரெஸ்டன் லைலாக். ஒட்டாவாவில் மத்திய அரசின் பரிசோதனைப் பண்ணையில் 1920-களில் இசபெல்லா பிரெஸ்டன் உருவாக்கிய கலப்பினங்கள் இவை. ஷேக்ஸ்பியர் நாடகப் பாத்திரங்களின் பெயர்களை அவற்றுள் பலவற்றுக்கு அவர் சூட்டினார். சாதாரண லைலாக் பூத்து ஓய்ந்த பின்னரே இவை பூக்கும், அதனால் உறைபனிக்குத் தப்பிவிடும். வேரிலிருந்து கன்று வெடித்துத் தோட்டம் முழுவதும் பரவும் தொல்லையும் இவற்றில் இல்லை.

ஜூலையில் இலை ஓரம் கிழிந்து காய்கிறது

பெரிய, மெல்லிய இலையுள்ள செடிகளில் இது இயல்பு. அன்னபெல் ஹைட்ரேஞ்சா குளிரைத் தாங்கும், ஆனால் வெயிலோடு கூடிய மேற்குக் காற்றில் அதன் இலை ஓரம் தீய்ந்துவிடும். வீட்டின் கிழக்குப் பக்கமே அதற்குரிய இடம். பொன்னிற எல்டரும் அப்படியே.

காற்றின் நேர்ப்பாதையில் நட வேண்டியவை சிறிய, தடித்த, அல்லது வெள்ளி மயிர் படர்ந்த இலையுள்ளவை. இலைப்பரப்பு குறைந்தால் இழக்கும் நீரும் குறையும். வெள்ளிப் பூச்சு வெயிலைத் திருப்பிவிடும். பொட்டென்டில்லா இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஆல்பர்ட்டாவின் மலையடிவாரங்களில் தானாக வளரும் இந்த மஞ்சள் பூப்புதர், ஜூனில் தொடங்கி உறைபனி வரை ஓயாமல் பூக்கும். மஞ்சளில் கோல்டுஃபிங்கர், வெள்ளையில் அபட்ஸ்வுட் இரண்டும் கிடைக்கும். வாகன நிறுத்துமிடங்களில் எல்லாம் நட்டிருப்பதால் அதை மலிவாக நினைப்பவர்கள் உண்டு. அத்தகைய இடத்திலும் பூக்கிறது என்பதையே அதன் தகுதிச் சான்றாக நான் எடுத்துக்கொள்கிறேன். வெள்ளி இலை வேண்டுவோர்க்கு இந்த மண்ணுக்கே உரிய வுல்ஃப் வில்லோ உண்டு. அதன் பூ கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, ஆனால் மணம் தெருவரை வரும். அது கன்று வெடித்துப் பரவும் என்பதால் சிறிய தோட்டத்துக்கு ஆகாது. வெள்ளைப் பூவும் உண்ணத்தக்க பழமும் தரும் சஸ்கட்டூன் புதர் எந்த அளவுத் தோட்டத்துக்கும் பொருந்தும்.

ஓரம் காயாமல் இலை கிண்ணம்போல் குவிந்து, காம்பு முறுக்கிக்கொண்டிருந்தால் காற்றைக் குறைசொல்ல வேண்டாம். புல்வெளிக்கோ வயலுக்கோ அடித்த களைக்கொல்லி காற்றில் மிதந்து வந்து பட்டிருக்கிறது.

இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இதற்கும் காற்றுக்கும் தொடர்பில்லை, மண்ணே காரணம். கால்கரியின் களிமண்ணில் சுண்ணாம்பு மிகுதி. அந்தக் காரத்தன்மையில் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. இளம் இலைகளில்தான் முதலில் தெரியும். கார மண்ணிலும் வேர் எடுக்கக்கூடிய கீலேட்டு (chelate) வடிவ இரும்பைக் கொடுத்தால் அந்த ஆண்டுக்குப் பச்சை திரும்பும். ஆனால் சுண்ணாம்பு நிறைந்த மண்ணைக் கந்தகத்தால் அமிலமாக்க முயல்வது ஓயாத வேலை. அசேலியா இங்கே தோற்பது பெரும்பாலும் இதனால்தான். ருகோசா ரோஜாவும் மிகவும் கார மண்ணில் மஞ்சளாகும். லைலாக்கும் கராகானாவும் இந்த மண்ணைப் பொருட்படுத்துவதில்லை. தண்ணீர் தேங்கினாலும் இதே அறிகுறி வரும் என்பதால், மண்ணை விரலால் தோண்டி ஈரம் பார்த்துவிட்டு இரும்பு வாங்குங்கள்.

செடி காற்றில் ஆடுகிறது, சாய்கிறது

அடித்தண்டு மண்ணைச் சந்திக்கும் இடத்தைக் குனிந்து பாருங்கள். தண்டைச் சுற்றிப் புனல் வடிவில் ஒரு குழி விழுந்து, அதன் ஓரம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால், செடி மாதக்கணக்காக ஆடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிதாக இறங்கிய மெல்லிய வேர்கள் அறுபடும். குளிர்காலத்தில் அந்தக் குழி வழியாக உறைகாற்று வேர்க்கழுத்துவரை இறங்கும்.

தண்டைப் பிடித்து மெல்ல மேலே இழுத்தால், தொட்டியின் வடிவிலேயே வேர்ப்பந்து முழுதாக அசைவதை உணர்வீர்கள். தொட்டிக்குள் வட்டமாகச் சுற்றிய வேர், நட்ட பின்னும் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. இதை வசந்தத்தில் தோண்டி எடுத்துத் திருத்தலாம். வேர்ப்பந்தின் பக்கங்களில் கூரிய கத்தியால் மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடங்களில் கீறி, அடியில் பாய்போல் பின்னியிருப்பதை அறுத்து, வேர் நுனிகளை வெளிநோக்கிப் பரப்பி நட வேண்டும். குழி ஆழத்தைவிட அகலம் அதிகமாகவும், பக்கங்கள் மண்வெட்டியால் கொத்திச் சொரசொரப்பாக்கப்பட்டும் இருக்கட்டும். வழவழப்பான களிமண் சுவரை இளவேர் துளைக்காது. தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டுக் காலால் அழுத்திவிடுங்கள். தொட்டிக் கலவை சுற்றியுள்ள களிமண்ணைவிட விரைவில் உலரும் என்பதால், முதல் கோடையில் தண்டின் அடியிலேயே நீர் ஊற்ற வேண்டும். சுற்றிலும் ஈரமாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

வாங்கும்போதே இதைத் தவிர்க்க முடியும். காற்று மிகுந்த இடத்தில் ஆள் உயரச் செடியைவிட முழங்கால் உயரச் செடி சிறந்தது. காற்றுக்குப் பாய்மரமாகாமல் வேரை முதலில் ஊன்றி, சில ஆண்டுகளில் பெரிய செடியை எட்டிப்பிடித்துவிடும். நடுவதும் இலையுதிர் காலத்தைவிட வசந்தத்தில் நல்லது.

கிளை நுனி வெட்டியதுபோல் இல்லை, பட்டை உரிந்திருக்கிறது

கத்தியால் சாய்வாக வெட்டியதுபோல் இருந்தால் முயல்; பிய்த்து நார் தொங்கினால் மான்; பனி மட்டத்துக்குக் கீழே தண்டைச் சுற்றிப் பட்டை உரிந்திருந்தால் வயல் எலி. அடித்தண்டைச் சுற்றிக் கம்பிவலை கட்டுவதே தீர்வு. வலை எதிர்பார்க்கும் பனி உயரத்துக்கும் மேலே நீள வேண்டும், ஏனெனில் முயல் பனியின் மேல் நின்றே தின்னும்.

அதே மூலையில் எதை நட்டாலும் போய்விடுகிறது

இரண்டு மூன்று வெவ்வேறு இனங்கள் ஒரே இடத்தில் பட்டுப்போயிருந்தால், செடியை விட்டு இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அது இரண்டு வீடுகளுக்கு நடுவேயுள்ள சந்தின் வாயாகவோ, இடைவெளியே இல்லாத பலகை வேலிக்குச் சற்று அப்பாலோ இருக்கும். கெட்டியான வேலி காற்றை நிறுத்துவதில்லை. மேலே தூக்கி, மறுபுறம் சுழலாக இறக்கிவிடுகிறது. பரப்பில் ஏறக்குறைய பாதி இடைவெளியாக உள்ள தடுப்பே காற்றை வடிகட்டித் தணிக்கும், அதன் பயன் தடுப்பின் உயரத்தைப்போல் சுமார் 10 மடங்குத் தொலைவுவரை எட்டும். 2 மீட்டர் உயர உயிர்வேலி ஒன்று சாதாரண வீட்டுத் தோட்டம் முழுவதற்கும் போதும்.

அந்த இடத்தில் நடுவதற்கு, செடியின் சீட்டில் உள்ள மண்டல எண்ணையும் கவனியுங்கள்; செடி எவ்வளவு கடுமையான குளிர்காலத்தைத் தாங்கும் என்பதை அது சொல்லும், எண் குறையக் குறையத் தாங்கும் திறன் கூடும். இந்த மண்டலங்களைக் காட்டும் அமெரிக்க வரைபடம் ஆண்டின் மிகக் குறைந்த வெப்பநிலைகளின் சராசரியை மட்டும் கணக்கில் எடுக்கிறது. கனடாவின் வரைபடமோ பனி ஆழம், உறைபனியற்ற காலம் முதலானவற்றோடு காற்றின் உச்ச வேகத்தையும் சேர்த்துக் கணிக்கிறது. கடைச் சீட்டுகளில் பெரும்பாலும் இருப்பது அமெரிக்க எண். கால்கரியை 4-ஆம் மண்டலத்தில் சேர்த்தாலும், காற்றை நேரே வாங்கும் மூலைக்கு 2 அல்லது 3 என்று குறித்ததையே எடுங்கள்.

உயிர்வேலிக்குச் சைபீரியாவிலிருந்து வந்த கராகானாவை இன்னும் யாரும் விஞ்சவில்லை. சஸ்காட்செவனின் இந்தியன் ஹெட் ஊரில் 1901 முதல் 2013 வரை நடந்த மத்திய அரசு நாற்றங்கால், சமவெளி உழவர்களுக்கு 60 கோடிக்கும் மேற்பட்ட கன்றுகளை வழங்கியது. அவற்றுள் காற்றுத்தடுப்புக்கு மிகுதியாகச் சென்றவற்றுள் ஒன்று இந்த மஞ்சள் பூப்புதர். விதை தெறித்து முளைக்கும் குணம் அதற்கு உண்டு. அதைப் பொறுக்க இயலாதவர்கள் பிரெஸ்டன் லைலாக்கையே வரிசையாக நடலாம். வேலியை முதலில் நட்டு, இரண்டு கோடைகள் தவறாமல் நீர் விட்டு, அது இடுப்பளவு வளர்ந்த பிறகு அதன் மறைவில் ரோஜாவையும் ஹைட்ரேஞ்சாவையும் நடுங்கள். அதுவரை அந்த மூலைக்குப் பொட்டென்டில்லா போதும்.